வலது தொட்டியின் நாற்பது

மாஸ்டர் வாளியிலிருந்த மழைத்தண்ணீரை மல் துணியில் வடிகட்டி வலது தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது நர்ஸ் பின்வாசலுக்கு வந்தாள். கையுறையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே, "அம்மா இன்னைக்குத் தாண்டறது கஷ்டம் சார். ஏதாவது பேசணும்னு இருந்தா பேசிடுங்க" என்றாள். மாஸ்டர் தலையாட்டினார். வாளியில் இன்னும் பாதி இருந்தது. அதையும் வடிகட்டி ஊற்றி, துணியைப் பிழிந்து கொடியில் போட்ட பிறகுதான் அவள் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது.

பேசணும்னு இருந்தா பேசிடுங்க. எதைத் தெரிந்துகொண்டு இவள் இப்படிச் சொல்கிறாள் என்று ஒரு கணம் திடுக்கென்றது.

அவர் செடிகொடி தெரிந்தவர் அல்லர். நாற்பத்தைந்து வருடம் ஒரே தையல்கடையில் கட்டிங் மாஸ்டராக நின்றவர். தொட்டிகள் இரண்டும் மனைவியுடையவை. அவள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தொட்டியில் மிதப்பது பார்வைக்கு ஒன்றுமேயில்லை. சீப்பிலிருந்து உருவிப் போட்ட முடிபோல ஒரு பச்சைச் சிக்கல். வேர் கிடையாது. அடியில், சேற்றுக்குள் இறங்கும் வெளிறிய தண்டுகளில் கடுகளவுப் பைகள் இருக்கும். ஒவ்வொரு பைக்கும் ஒரு கதவு. கதவோரத்து முடியில் தண்ணீர்ப்பூச்சி ஒன்று உரசிவிட்டால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் கதவு உள்பக்கம் திறந்து, தண்ணீரும் பூச்சியுமாக இழுத்துக்கொண்டு மூடிவிடும். கல்லூரியில் அதன் பெயர் யூட்ரிகுலேரியா. வீட்டில் பைச்செடி. "பாக்க சாது, கிட்டப் போனா காலி. உங்கம்மா மாதிரி" என்று மாஸ்டர் மகளிடம் சொல்வதுண்டு, மனைவியின் காதில் விழும்படியாகத்தான்.

இரண்டு தொட்டியிலும் இருப்பது ஒரே செடி என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். இல்லை, அக்காள் தங்கை மாதிரி உறவு உண்டே தவிர ஆள் வேறு என்று காட்டியதுதான் அவள் வாழ்நாளில் செய்த பெரிய காரியம். கல்லூரி இதழில் அது அச்சாகியிருந்தது. மேலே பேராசிரியர் பெயர், கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர். அந்தச் சின்ன எழுத்தே அவளுக்குத் தாராளமாக இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை, எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவர் உட்பட.

போன வாரம் கல்லூரியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விரிவுரையாளர் தொலைபேசியில் பேசினார். பழைய கட்டுரையைப் படித்தேன், செடி எடுத்த குளம் மூடிப்போனதால் உங்கள் வீட்டுத் தொட்டிச் செடிகள்தான் மிச்சம், மறுபடி அளந்து பார்க்க ஆசையாக இருக்கிறது, வரலாமா என்று கேட்டார். நாளை காலை பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. படுக்கையில் கிடந்தவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாஸ்டருக்குத்தான் அன்றிலிருந்து தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை.

காரணம், அந்தக் கட்டுரையில் வலது தொட்டிக்கென்று போட்டிருந்த நாற்பது அளவுகளில் முப்பத்தேழு பொய். பொய்யை எழுதியவர் மாஸ்டர்.

"அப்பா, காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க. ஒரே சேறு" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை அவள். யாரையும் வரிசையில் நிறுத்தாமல் அவளுக்குப் பேச வராது.

மனைவி கண்ணை மூடியிருந்தாள். மூச்சு ஒவ்வொன்றும் படியேறி வருவது மாதிரி வந்தது. "தொட்டிக்கு ஊத்தினீங்களா?"

"ஊத்தியாச்சு."

"குழாத் தண்ணி இல்லையே?"

"இத்தனை வருஷத்துல என்னைக்காவது குழாத் தண்ணி ஊத்தியிருக்கனா?"

"ஒரே ஒரு தடவ ஊத்தினீங்க. பாதி செத்துப்போச்சு."

"அதை இன்னும் மறக்கலியா நீ?"

"செடி மறந்திருக்கும். நான் மறக்கல."

மாஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்தார். சொல்லலாம் என்று வாயெடுத்தால் இப்படி ஒன்றைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறாள். மகள் ஈரப்பஞ்சால் தாயின் உதட்டை நனைத்தாள்.

"மைக்ராஸ்கோப்பைத் துடைச்சு மேஜை மேல வைங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து நிக்கும்போது தேடக்கூடாது. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

"அம்மா, சும்மா இரேன்."

"என்னடி, உள்ளதைத்தானே சொல்றேன். அவ அளந்து பாக்கட்டும். என்னோடதுதான் வரும்."

மாஸ்டர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நுண்ணோக்கியை எடுத்துவந்தார். கல்லூரியில் கழித்துக் கட்டியது. கண்ணாடி விரிசல் என்று மூலையில் கிடந்ததை அவள் எழுதிக் கேட்டு வாங்கிவந்தாள். மின்விளக்கு கிடையாது. கீழே ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். மேற்கு ஜன்னலில் மத்தியானத்துக்கு மேல்தான் வெயில் வரும். கடையிலிருந்து மாஸ்டர் வந்து சேர்வதும் அந்த நேரம்தான்.

துடைக்கத் துடைக்க அந்த நாட்கள்தான் வந்தன. அவள் முதலில் கடைக்கு வந்தது ஆய்வகக் கோட்டு தைக்க. மார்புப் பையை நான்காகத் தடுத்துத் தைக்க வேண்டும், ஒன்று இடுக்கிக்கு, ஒன்று பிளேடுக்கு என்று காகிதத்தில் படம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அளவெடுத்தபோது வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்திருப்பதைக் கண்டார். "வலது கையில வாளி தூக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமாம் மாஸ்டர். தினம் ரெண்டு வாளி, குளத்துலேந்து." கல்யாணம் ஆகிப் பல வருடம் கழித்தும், அத்தனை பேர் முன்னால் தோளைப் பற்றிக் கேட்ட ஆள் என்று சொல்லிக்காட்டுவாள். மாஸ்டர் என்று கூப்பிடுவதை மட்டும் அவள் மாற்றவில்லை.

சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது அந்தக் குளம். இப்போது அங்கே பேருந்துப் பணிமனை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போவார்கள். அவள் முழங்கால்வரை இறங்கிச் சேற்றைத் துழாவுவாள். அவர் கரையில் வாளியோடு நின்று, கடையில் அந்த வாரம் வந்த தொந்திகளைப் பற்றிக் கதை சொல்வார். குளத்தின் வடக்கு மூலையில் எடுத்தது இடது தொட்டிக்கு, தெற்கு மூலையில் எடுத்தது வலது தொட்டிக்கு. பூத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சுலபமாகத் தெரியும். ஆனால் இரண்டும் பூப்பதில் மகா கஞ்சம். பூவுக்குக் காத்திருந்தால் கிழவியாகிவிடுவேன் என்று அவள் பையைக் கிழித்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

பையின் உள்சுவரில் நான்கு கை விரித்த ரோமங்கள் இருக்கும். இரண்டு கை நீளம், இரண்டு கை குட்டை. அந்தக் குட்டைக் கைகளுக்கு நடுவே உள்ள கோணம்தான் விஷயம். இடது தொட்டியில் அது குறுகல், தொண்ணூறு டிகிரிக்குள். வலது தொட்டியில் அகலம், நூற்றுப் பத்து, இருபதுக்கு மேல். பழைய நுண்ணோக்கியில் கோணம் அளக்க வசதி இல்லாமல் அவள் திண்டாடியபோது, மாஸ்டர் ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கத்தரிக்கோலை விரித்துக் காட்டினார். "இவ்ளோதானே விரிஞ்சிருக்கு?" அவள் கத்தரியின்மேல் பாகைமானியை வைத்தாள். பிறகு தானே படம் வரைந்து சரிபார்த்தாள். இரண்டு டிகிரிகூட வித்தியாசமில்லை. காலர் முனை வெட்டி வெட்டிப் பழகிய கண். அன்றைக்கு அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அதன்பின் எல்லாச் சாயங்காலமும் அப்படித்தான். அவள் பையைக் கிழித்துத் தகட்டில் வைப்பாள், அவர் பார்த்துக் கத்தரியை விரிப்பார், அவள் அளந்து எழுதி "ம்" என்பாள். ஒரு பைக்கு ஒரு ரோமம்; ஒரே பையில் பத்து பார்த்தால் பத்தும் ஒன்று போலத்தான் இருக்கும், அது ஏமாற்று என்பது அவள் சட்டம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெதுவும் இருந்ததில்லை. இது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதுதான் விசேஷம்.

மகள் பிறந்த மூன்றாவது வாரம் அவள் கடும் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தாள். இடது தொட்டி முடிந்திருந்தது. வலது தொட்டி நாற்பதும் பாக்கி. திங்கட்கிழமை பேராசிரியரிடம் தாள் போக வேண்டும். "நீங்களே பாத்துடுங்க மாஸ்டர், உங்களுக்குத் தெரியாததா" என்று படுக்கையிலிருந்து சொன்னாள். அவர் உட்கார்ந்தார். மூன்று பார்த்தார். குழந்தை அழுதது. மடியில் போட்டுத் தட்டினார், நிற்கவில்லை. அவள் பிழைப்பாளா என்பதே தெரியாத சாயங்காலம் அது. எப்படியும் அகலமாகத்தானே வரப்போகிறது என்று பென்சிலை எடுத்து, நூற்று முப்பத்திரண்டு, நூற்று முப்பத்தைந்து, நூற்று முப்பத்தொன்று என்று கீழே வரை எழுதிவிட்டார். மருத்துவமனையில் அந்தத் தாளைப் பார்த்தவள், "ஒண்ணுகூடக் கோணல் இல்ல" என்று அதை மார்மேல் வைத்துக்கொண்டாள். அதன்பின் எப்படிச் சொல்வது?

நுண்ணோக்கியை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார். இப்போதும் சொல்லாவிட்டால் நாளைக்கு யாரோ ஒரு பெண் சொல்வாள். அப்போது இவள் இருந்தாலும் கொடுமை, இல்லாவிட்டாலும் கொடுமை.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப, வலது தொட்டி நாப்பதும் பாக்கச் சொன்னியே."

"ம்."

"மூணுதான் பாத்தேன். மிச்சம் முப்பத்தேழும் நானா எழுதினது."

மகள் பஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். மனைவி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமா, புரியவில்லையா என்று தெரியவில்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாளாக அவளைத் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது அவளாகவே திரும்பினாள்.

மாஸ்டர் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் பின்னாலேயே வந்தாள்.

"இதை இன்னைக்குத்தான் சொல்லணுமாப்பா?"

"நாளைக்குச் சொல்ல முடியாதேம்மா."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, "எதுக்கு அப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

"நீ அழுத."

"ஓ, கடைசில என் தலையிலயா? நல்லா இருக்கே." சிரிக்கப் போனவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

அரைமணி நேரம் அவர் அங்கேயே இருந்தார். தான் செய்தது தப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. சொன்னது அதைவிடப் பெரிய தப்போ என்பதுதான் தெரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே அவள் போய்விட்டால் மிச்ச நாளை என்ன செய்வது?

"மாஸ்டர்."

ஓடினார். அவள் இன்னும் சுவர்ப்பக்கம்தான் இருந்தாள்.

"மூணு என்ன வந்துச்சு?"

"எது?"

"நெஜமாப் பாத்தீங்களே, மூணு. அது என்ன?"

"நூத்தி நாப்பத்தொண்ணு. நூத்தி பதினெட்டு. நூத்தி அறுவது." யோசிக்காமலே வந்தது.

"அதைப் பாருங்க, எப்படித் தாவுது. மிச்சமெல்லாம் நூத்தி முப்பதுலயே நின்னுச்சு. என்னடா இது, செடிகூட இவர் வெட்டின காலர் மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். நெனச்சு சந்தோஷப்பட்டேன், மடச்சி." மூச்சுக்காக நிறுத்தினாள். "வெயில் எங்க வந்திருக்கு?"

"ஜன்னலுக்கு வந்துடுச்சு."

"போய் வலது தொட்டிச் சேத்துலேந்து எடுத்துட்டு வாங்க. நாப்பது பை. ஒரு பைக்கு ஒண்ணு."

"இப்பவா?"

"பின்ன எப்ப? அவ வந்து அளக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். ரெண்டு செடியா, ஒண்ணா?"

மகள் தகப்பனைப் பார்த்தாள். "போங்கப்பா" என்றாள், மைதானத்தில் சொல்கிற குரலில்.

மாஸ்டர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டார். சேறு குளிர்ந்திருந்தது. வெளிறிய தண்டுகளைப் பிய்க்காமல் மெதுவாகத் தூக்கிக் கிண்ணத்தில் போட்டார். இந்த வேலையெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். மேஜையில் உட்கார்ந்து, ஒன்பதாம் நம்பர் ஊசியாலும் பிளேடாலும் முதல் பையைக் கிழித்தபோது அது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது நசுங்கியது. மூன்றாவதைக் கிழித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடினார். கண்புரை எடுத்த வலது கண்ணை வைத்துக் கண்ணாடியைத் திருப்பினார். மங்கலாக வெளிச்சம் வந்து, பிறகு தெளிந்தது. நான்கு கை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படியே.

கத்தரியைக் கையில் எடுத்ததும் அவருக்கு வேர்த்தது. குட்டைக் கைகள் நெருங்கி நின்றன. குறுகல். இடது தொட்டி மாதிரி. இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டு என்று கை கெஞ்சியது. அவர் கண்ணில் பட்டதை மட்டும் விரித்தார்.

மகள் பாகைமானியை வைத்தாள். "எழுவத்தி எட்டு."

"ம்" என்றாள் மனைவி. "அடுத்தது."

அடுத்தது நூற்று முப்பத்து மூன்று. அதற்கடுத்தது நூற்று ஐம்பத்தொன்று. பிறகு நூற்றுப் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் சுவர்ப்பக்கமிருந்து ஒரு "ம்" வந்தது. மகள் எழுதினாள். ஒன்பதாவது எண்பத்து நான்கு.

"தொட்டியை மாத்திக் கையை விடலியே?"

"இல்ல. வலதுதான்."

"ஒழுங்கா விரிங்க மாஸ்டர். கை நடுங்குது, இங்க கேக்குது, கத்தரி சத்தம்."

அந்தத் தொனியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மாஸ்டர் கத்தரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இருபது முடிந்ததும், எத்தனை அகலம், எத்தனை குறுகல் என்று கேட்டாள். மகள் விரல் வைத்து எண்ணினாள். "பதினேழு அகலம். மூணு குறுகல்."

"என்னைத் திருப்பி விடு" என்றாள் மனைவி. மகள் தோளில் கைகொடுத்து ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள். அவள் முகத்தில் வெயில் பட்டது. கண் இடுங்க மாஸ்டரின் முதுகைப் பார்த்தாள்.

"ரெண்டுதான்" என்றாள். "ரெண்டேதான் மாஸ்டர். எல்லாக் குடும்பத்துலயும் ரெண்டு மூணு பேர் சித்தப்பா வீட்டு ஜாடையில இருப்பாங்க, அது சகஜம். நீங்க எழுதினதுல ஒருத்தர்கூட அப்படி இல்ல. அதுலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"மன்னிச்சுக்கோம்மா."

"அதெல்லாம் அப்புறம். நிறுத்தாதீங்க. நாப்பதுன்னா நாப்பது."

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போனது. ஊசி இப்போது கைக்குப் பழகியிருந்தது. சரக்கு ரயில் கொட்டகையின் பின்னால் அவள் சேற்றில் நின்று, "கதையை நிறுத்தாதீங்க, அப்புறம் அந்தத் தொந்தி என்னாச்சு?" என்று கத்துவது காதில் கேட்டது. கண்ணை எடுக்காமலே, கடைக்கு வந்த அந்த ஆளைப் பற்றி, அளவு நாடா போதாமல் கடைப்பையன்கள் இரண்டு நாடாவைச் சேர்த்துப் பிடித்ததைப் பற்றி, சொன்னார். அவள் ஆயிரம் தடவை கேட்ட கதை. சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு வந்தது. இருபத்தாறுக்கு "ம்" வர நேரமாயிற்று. இருபத்தெட்டுக்கு இன்னும் நேரமாயிற்று, வந்தது.

"நூத்தி இருவத்தி ஆறு" என்றாள் மகள், இருபத்தொன்பதாவதற்கு.

மாஸ்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி காத்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது.

"அப்பா" என்றாள் மகள்.

"எழுதினியா?"

"அப்பா, அம்மா..."

"தெரியுதும்மா."

அவர் திரும்பவில்லை. தகட்டை எடுத்துத் தண்ணீரில் அலசித் துடைத்தார். கிண்ணத்திலிருந்து அடுத்த பையை ஊசியால் நகர்த்தினார். அது வழுக்கியது. மறுபடி நகர்த்தினார். வெயில் கண்ணாடியின் ஓரத்துக்குப் போயிருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். ரோமம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கத்தரியை விரித்துப் பக்கவாட்டில் நீட்டினார்.

அது அப்படியே கொஞ்ச நேரம் நீண்டிருந்தது. பிறகு பாகைமானியின் விளிம்பு விரலில் பட்டது.

"நூத்தி... நூத்தி முப்பத்தெட்டு."

"போட்டுக்கோ" என்றார் மாஸ்டர். "இன்னும் பத்து இருக்கு."